பேரனின் தயிர் சாதமும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

சென்ற மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி ஆகிக்கொண்டிருந்த நேரம். நொய்டாவிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்ததும் வராததுமாக மாப்பிள்ளை என் கையில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்தார். வழவழப்பான காகிதம், கலர் அச்சு. கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும்.

"மாமா, இவனுக்கு எதுவுமே ஒத்துக்காதாம். பாருங்க."

பேரனுக்கு வயது ஏழு. இரண்டு வருடமாக, ஹோலிக்கு முன்னும் பின்னுமாகத் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. இந்த வருடம் ராத்திரியில் கொஞ்சம் இழுப்பும் சேர்ந்துகொண்டது. யாரோ ஆபீஸ் நண்பர் சொன்னார் என்று மாப்பிள்ளை ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, இன்னின்ன உணவு ஆகும், இன்னின்னது ஆகாது என்று பட்டியல் வாங்கி வந்திருக்கிறார். சிவப்பில் அச்சடித்தவை அறவே கூடாது. அரிசி, கோதுமை, பசும்பால், தயிர், தேங்காய், கடுகு எல்லாம் சிவப்பு. மஞ்சளில் இன்னும் ஒரு டஜன். பச்சையில் இருந்தவை தாராளமாகச் சாப்பிடலாமாம்: ப்ராக்கோலி, ஆலிவ், சால்மன் மீன்!

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பட்டியலையும் படித்தாள். "இது என்ன கூத்து? அவன் தினம் சாப்பிடறதெல்லாம் சிவப்பு. கண்ணாலேயே பார்க்காததெல்லாம் பச்சை" என்றாள்.

எங்கள் வீட்டில் அன்று சொல்லப்பட்ட விஞ்ஞான ரீதியான முதல் வார்த்தை அதுதான். அது எனக்கு அப்போது தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த பரிசோதனையின் பெயரை. "ஐ.ஜி.ஜி.4" என்று போட்டிருந்தது. எங்கேயோ கேட்ட பெயர். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு ஊசி போடும்போது அந்த டாக்டரம்மா ரசீதுக்குப் பின்னாடி படம் வரைஞ்சு காட்டினாங்களே, அது இதுதானே?" என்றாள்.

அதேதான். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. மத்திய அரசின் கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். காகிதம் எதையும் தூக்கிப் போட மாட்டேன். நான் டாக்டர் அல்ல என்பதை அன்பர்கள் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை பெரிய தப்புச் செய்ய இருந்து, மயிரிழையில் தப்பியவன். அந்தக் கதையைச் சொன்னால்தான் ரிப்போர்ட்டின் கதை புரியும்.

1992. நாங்கள் ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மலை மந்திர் மணியோசை கேட்கும் தூரம். கும்பகோணத்துக்காரனான எனக்குச் சுவாமிமலையே கூட வந்துவிட்டது போலத்தான். அந்தப் பிப்ரவரியில் எட்டு வயது மகளுக்குத் தும்மல் ஆரம்பித்தது. தில்லி குளிர் என்று கம்பளி போட்டோம். அடுத்த வருடம் தும்மல் இழுப்பாக மாறியது. பள்ளிக்கூடம் பாதி நாள் லீவு. ராத்திரி இரண்டு மணிக்கு அவளை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருப்போம். "இந்த ஊர்க் காற்றே ஆகாது. ஊருக்கே போயிடலாம். டிரான்ஸ்பர் கேளுங்கள்" என்று மனைவி அழுதாள். அவள் பிறந்த ஊர் பரமக்குடி.

1993 மே மாத லீவில் குழந்தையைப் பரமக்குடிக்கு அழைத்துப் போனோம். மூன்றாம் நாள் ராத்திரி அங்கேயும் இழுப்பு. தில்லிக் காற்று பரமக்குடிக்கு எப்படி வந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகுதான் விளங்கியது. தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் அவளுக்கு இரண்டு மகரந்தம் தூக்கிக் காட்டியது. ஒன்று பாப்ரி என்று இந்தியில் சொல்லும் மரம். வசந்தம் தொடங்கும்போது தில்லித் தெருக்களில் வட்ட வட்டமாகக் காகிதம் போலக் காய் உதிர்க்குமே, அது. இன்னொன்று "விலாயதி கீக்கர்" என்றார்கள். அது என்ன மரம் என்று கேட்டேன். ஜன்னல் வழியே மேட்டுக்காட்டைக் காட்டினார்கள். பார்த்தால், நம்ம ஊர் வேலிக்காத்தான்! விலாயதி என்றால் சீமை, கீக்கர் என்றால் கருவேல். சீமைக் கருவேலம் என்ற அதே பெயரைத்தான் இந்தியில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம், 1877ல் கடப்பைப் பக்கம் விதை தூவப்பட்டு இந்தியாவுக்குள் வந்தது. தில்லி மேட்டுக்காட்டில் வெள்ளைக்காரர்கள் பச்சைக்காக நட்டார்கள். ராமநாதபுரம் சீமையில் விறகுக்காகப் பரப்பினார்கள். பரமக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் அதுதானே? எதை விட்டு ஓடினோமோ அதன் தாய்வீட்டுக்கே குழந்தையைக் கூட்டிப் போயிருக்கிறோம்.

ஊரை மாற்ற முடியாது என்றானபின் ஊசிதான் வழி என்றார்கள். எந்த மகரந்தம் ஆகவில்லையோ அதையே மிக மிகக் குறைந்த அளவில் தோலுக்கடியில் போட்டு, வாரா வாரம் அளவைக் கூட்டிக்கொண்டு போவது. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போட்டோம். பெயர் வேண்டாம். அங்கே அவசரம். அளவைச் சீக்கிரம் சீக்கிரமாகக் கூட்டினார்கள், போட்ட கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் டி.டி.சி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல். கண்டக்டர் நல்ல மனிதர். வழியிலிருந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தச் செய்தார். அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் கை வராது.

இந்த ஊசியில் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1957க்குப் பிறகு இந்த ஊசியால் 26 பேர் இறந்திருக்கிறார்கள் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1986ல் அறிவித்தது. ஊசி போட்டபின் நோயாளியை இரண்டு மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இன்று அரை மணி நேரம் என்பது பொது விதி. அட்ரினலின் கைவசம் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது. இழுப்பு அடங்காமல் இருக்கும் நாளிலும் கூடாது.

பிறகு நகரின் வடக்குக் கோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கேதான் அந்த வங்காளி டாக்டரம்மா. ஐம்பது வயது இருக்கும், வெள்ளைப் புடவை, கண்டிப்பான பேச்சு. எல்லாவற்றையும் முதலிலிருந்து, துளியிலும் துளியாகத் தொடங்கினார். ஊசி போட்டபின் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். எழுந்தால் திட்டு விழும். அந்த அரை மணி நேரத்தில் என் மகளுக்குத் தெனாலிராமன் முழுக்கச் சொல்லி முடித்து, மரியாதைராமனும் பாதி ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து, 1994 ஆகஸ்டில், நானாகவே ஒரு வேலை செய்தேன். ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புப் பொருளுக்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர், அதை ரத்தத்தில் அளக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். வெளியே ஒரு லேபில் கொடுத்துப் பார்த்தேன். ஊசிக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது! எட்டு மாதம் பஸ்ஸில் அலைந்து, குழந்தையின் கையைப் புண்ணாக்கி, வியாதியை வளர்த்திருக்கிறோமா? வீட்டில் பெரிய சண்டை. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், "போதும்டா, குழந்தையைக் குத்தினது போதும்" என்றார். நிறுத்திவிடுவது என்று முடிவே செய்தாயிற்று. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

அவர் என் காகிதத்தைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றார். கணக்குத் துறை என்றேன். "ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்த்துத் திவால் என்று எழுதுவீர்களா?" என்றார். பிறகு ஒரு பழைய ரசீதை எடுத்துப் பின்பக்கம் படம் போட்டார்.

அவர் சொன்னதையும், பின்னால் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒவ்வாமை என்பது ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றினால் வருகிறது என்று முதலில் காட்டியது 1921ல், ஜெர்மனியில். கார்ல் ப்ரௌஸ்னிட்ஸ், ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்று இரண்டு டாக்டர்கள். க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, ப்ரௌஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும், மீன் ஆகாத மனிதருக்கு வருவது போலவே தடித்து அரித்தது. ஒருவருடைய ஒவ்வாமையை இன்னொருவர் தோலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கடன் வாங்கிவிட்டார்கள். மஞ்சள் காமாலை போன்றவை சீரம் வழியே பரவும் என்பதால் அந்தச் சோதனையைப் பின்னாளில் கைவிட்டார்கள். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது 1966-67ல். அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியர் ஒரு பக்கம், ஸ்வீடனில் ஜோஹான்ஸன், பென்னிக் இருவரும் இன்னொரு பக்கம். 1968ல் ஐ.ஜி.ஈ. என்று பெயர் வைத்தார்கள். ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்களில் மிக மிகக் குறைவாக இருப்பது இதுதான். ஆனால் மூக்கிலும் மூச்சுக் குழலிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மகரந்தம் வந்து தொட்டதும் செல் உடைந்தாற்போல ஹிஸ்டமினைக் கொட்டும். தும்மல், அரிப்பு, இழுப்பு.

ஆனால் ஊசி அதற்கும் முந்தியது! லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் லெனர்ட் நூன் என்ற டாக்டர், 1911லேயே புல் மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டுத் தும்மலைக் குறைத்துக் காட்டினார். மகரந்தத்தில் விஷம் இருக்கிறது, உடம்பு அதற்கு முறிவு உண்டாக்கும் என்று அவர் நினைத்தார். விஷம் எதுவும் இல்லை. ஆனால் முறிவு உண்டாகிறது என்ற பாதி சரி. காரணத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டே வைத்தியத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர்! 1913ல் காசநோயில் காலமானார். அவருடைய சகா ஜான் ஃப்ரீமன் வேலையைத் தொடர்ந்தார்.

அந்த முறிவு என்ன என்பதைக் காட்டியவர் நியூயார்க்கின் ராபர்ட் குக், 1935ல். ஊசி போட்டுக் குணம் கண்டவர்களின் சீரத்தை, ஒவ்வாமைக்காரரின் சீரத்தோடும் மகரந்தத்தோடும் கலந்து தோலில் ஏற்றினார். தடிக்க வேண்டிய இடம் தடிக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவரின் ரத்தத்தில் மகரந்தத்தை மறிக்கும் வேறொரு பொருள் புதிதாக உண்டாகியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் கெட்ட பொருளும் அதே ரத்தத்தில் போகாமல் இருந்தது! இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம். 1940ல் மேரி லவ்லெஸ் என்ற பெண் டாக்டர் இரண்டையும் தனித்தனியாக்கினார். சீரத்தை 56 டிகிரியில் மணிக்கணக்காகச் சூடாக்கினால் ஒவ்வாமைப் பொருள் அழிந்துபோகும், மறிக்கும் பொருள் தாக்குப் பிடிக்கும். சூட்டைத் தாங்குவது நல்லது, தாங்காதது கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மறிக்கும் பொருளில் பெரும் பங்கு ஐ.ஜி.ஜி.4 என்று பின்னால் தெரிந்தது. உடம்பு ஒரே பொருளை மாதக்கணக்கில் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் இது கூடும் என்பதை 1983ல் ஆம்ஸ்டர்டாமில் ஆல்பெர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியதும் அதைத்தான். மாஸ்ட் செல் ஒரு வீடு. வாசலில் முரட்டுக் காவலாளிகள், ஐ.ஜி.ஈ. யார் தொட்டாலும் ஊரைக் கூட்டிவிடுவார்கள். தெருமுனையில் ஐ.ஜி.ஜி.4 என்ற சாதுவான ஆசாமிகள் நிறைய நின்றால், வருகிற மகரந்தத்தை அங்கேயே கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். வாசல் வரை வராது. சத்தமும் இல்லை.

"ஊசி போட ஆரம்பித்த புதிதில் ஐ.ஜி.ஈ. ஏறத்தான் செய்யும். அது இறங்க வருடங்கள் ஆகும். நீங்கள் அளந்தது செலவுக் கணக்கை. வரவு எங்கே?" என்றார்.

நான் சமாதானமாகவில்லை. இதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பில் பார்த்தது, நம் குழந்தைக்கு எப்படி என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் எந்த ஊர்?" என்றார். கும்பகோணம் என்றேன். "ஓ, ஃபைலேரியா!" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. கும்பகோணத்துக்காரனிடம் வெற்றிலையைச் சொல்லலாம், டிகிரி காப்பியைச் சொல்லலாம். யானைக்காலையா சொல்வது? ஆனால் அவர் கேலி செய்யவில்லை. "இயற்கையே இந்த மருந்தைச் செய்யும் என்பதை உங்கள் சென்னைப் பக்கத்து ஜனங்களின் ரத்தம்தான் காட்டியது" என்றார்.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி இது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் லட்சக்கணக்கில் ஓடும். புழு என்றாலே உடம்பு ஐ.ஜி.ஈ.யை மலையாகக் குவிக்கும். நியாயப்படி பார்த்தால் அந்த மனிதர் நாள் முழுக்கத் தடித்து, இழுத்து, மயங்கி விழ வேண்டும். ஆனால் பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏன்? சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வி. குமாரசுவாமி முதலியோரும், அமெரிக்காவின் எரிக் ஆட்டசன் குழுவும் சேர்ந்து 1981ல் இதற்கு விடை எழுதினார்கள். இவர்களுடைய சீரத்தில், யாரும் ஊசி போடாமலே, இயற்கையாகவே உண்டான மறிக்கும் பொருள் இருந்தது. ஹிஸ்டமினைக் கொட்டக் காத்திருக்கும் ரத்த அணுக்களோடு அந்தச் சீரத்தைச் சேர்த்தால் புழுச் சாறு பட்டும் அவை அடங்கிக் கிடந்தன. 1992ல் அதே ஆட்டசனும் மற்றவர்களும், அது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி.4 தான் என்று காட்டினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் தென்னாட்டிலேயே உண்டு. அதே புழு, சிலருக்கு மட்டும் ராத்திரி இருமலும் இழுப்புமாக ஆளை உருக்கும். ஈசினோபீலியா என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதில் ஒரு வகை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனபள்ளி காசநோய் ஆஸ்பத்திரியில் ஃப்ரிமட்-மோலர், பார்ட்டன் என்ற டாக்டர்கள் 1940லேயே இதை எழுதிவைத்தார்கள். காசம் போலத் தெரிந்து காசம் அல்லாத நோய் என்று. இவர்களிடம் ஐ.ஜி.ஈ. ஏகமாக இருக்கும், மறிக்கும் பொருள் போதாது. ஒரே புழு, ஒரே ஊர், ஒரே கொசு. ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார், ஒருவர் விடிய விடிய இருமுகிறார்.

எனக்கு உடனே என் தகப்பனார் ஞாபகம் வந்தது. 1960களில் கும்பகோணத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கோடு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்தப் புழுக்குஞ்சு ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். தூக்கத்தில் எழுப்பினால் நாங்கள் அலறுவோம். அப்பாவின் ரத்தத்தில் இருந்தது என்று மாத்திரை கொடுத்தார்கள். கால் வீங்கவில்லை, ஒரு தும்மல் தும்மவில்லை, 81 வயது வரை காவேரியில் குளித்தார். அவருடைய பேத்தியால் ஒரு மரத்தின் பூந்தூளைத் தாங்க முடியவில்லை.

அதற்காகப் புழுவை வரவழைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேல்நாட்டில் கொக்கிப் புழுவை வேண்டுமென்றே ஏற்றி ஆஸ்துமாக்காரர்களைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. யானைக்காலின் துன்பத்தைத் தெருவில் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த யோசனையே வராது.

நல்ல உதாரணம் தேனீ வளர்ப்பவர்கள். வருடம் முழுக்கக் கொட்டு வாங்கி வாங்கி அவர்கள் ரத்தத்தில் மறிக்கும் பொருள் நிறைந்துவிடும். 1978ல் அமெரிக்காவில், அவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளைத் தேனீ விஷம் ஆகாதவர்களுக்கு ஏற்றிவிட்டு, பிறகு விஷத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அபாயம் வெகுவாகத் தணிந்தது. 2018ல் பூனை ஒவ்வாமைக்கு, பூனையின் புரதத்தை மறிக்கும் இரண்டு ஐ.ஜி.ஜி.4 பொருள்களைச் செயற்கையாகச் செய்து ஊசியாகப் போட்டபோதும் தும்மல் குறைந்தது. குக் 83 வருடத்துக்கு முன் சொன்னதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

முழுக் கதையும் ஐ.ஜி.ஜி.4 மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பின் பாதுகாப்புப் படையையே சாந்தப்படுத்தும் வேறு செல்களும் உண்டு. ஒருவருக்கு ஐ.ஜி.ஜி.4 நிறைய ஏறியும் தும்மல் நிற்காமல் இருக்கலாம். இன்னொருவருக்குக் கொஞ்சமே ஏறி நன்றாகிவிடலாம். அளவைவிட, அந்தப் பொருள் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது என்பது முக்கியம் என்கிறார்கள். ஆகவே இதை அளந்து பார்த்துக் குணமாகிறதா என்று கணக்குப் போட முடியாது. குழந்தை ராத்திரி தூங்குகிறதா என்று பாருங்கள், லேபுக்கு ஓடாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

நான் ஊசியை நிறுத்தவில்லை. 1995 பிப்ரவரியில் தும்மல் இருந்தது, இழுப்பு இரண்டே நாள். 1996ல் அதுவும் இல்லை. மூன்று வருடம் முடித்து நிறுத்தினோம். மூன்று நான்கு வருடம் போட்டவர்களுக்கு, நிறுத்தியபின் இன்னும் மூன்று வருடம் வரை பலன் நிற்கிறது என்று 1999ல் லண்டனில் ஸ்டீபன் டர்ஹாம் குழு எழுதியதைப் பின்னால் படித்தபோது, அந்த எட்டாவது மாதத்தை நினைத்து உடம்பு நடுங்கியது. என் மகளுக்கு இன்றும் பாப்ரி காய் உதிரும் காலத்தில் மூக்கு அரிக்கும். அவ்வளவுதான்.

இப்போது மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அந்த லேப் அளந்தது ஐ.ஜி.ஈ. அல்ல, ஐ.ஜி.ஜி.4. தினம் தயிர் சாதம் சாப்பிடுகிற பிள்ளையின் ரத்தத்தில் தயிருக்கும் அரிசிக்கும் ஐ.ஜி.ஜி.4 இருக்கத்தான் செய்யும். "இவனை எனக்கு நன்றாகத் தெரியும், தொந்தரவு இல்லாதவன்" என்று உடம்பு எழுதிவைத்த குறிப்பு அது. சால்மன் மீனை அவன் உடம்பு சந்தித்ததே இல்லை. அதனால் பச்சை. சாப்பிடுவதெல்லாம் சிவப்பு, சாப்பிடாததெல்லாம் பச்சை என்று என் மனைவி சொன்னதில் ஓர் எழுத்து மாற்ற வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது: உணவுக்கு ஐ.ஜி.ஜி.4 இருப்பது ஒவ்வாமைக்கு அடையாளம் அல்ல, இந்தப் பரிசோதனையை உணவு ஒவ்வாமைக்குச் செய்ய வேண்டாம் என்று. அமெரிக்க அமைப்பும் பின்னர் அதையே ஏற்றது. காவலுக்கு நிற்பவனைப் பிடித்துத் திருடன் என்று பட்டம் கட்டி, அதற்குக் கலர் அச்சில் பில்லும் போடுகிறார்கள். இதை வியாபாரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஒன்று மட்டும் கவனம். நிலக்கடலையோ பாலோ முட்டையோ இறாலோ சாப்பிட்டுச் சிறிது நேரத்துக்குள் உதடு வீங்கினால், தடித்தால், மூச்சு முட்டினால் அது நிஜமான ஒவ்வாமை. தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பேரனுக்கு அப்படி என்றுமே வந்ததில்லை. அவன் தும்மல் மார்ச்சில் வருகிறது, தயிர் சாதமோ பன்னிரண்டு மாதமும்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்வளவு கொடுத்தேன்னு மட்டும் கேட்காதீங்க மாமா" என்றார். கேட்கவில்லை. அன்று மத்தியானம் பேரன் தயிர் சாதம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டான், மாவடுவும் கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு ஒவ்வாமை டாக்டரிடம் தோலில் குத்திப் பார்த்தார்கள். பாப்ரி, விலாயதி கீக்கர். அம்மாவின் சொத்து அப்படியே பிள்ளைக்கு! இந்தக் காலத்தில் நாக்கடியில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது. அதையும் பேசிப் பார்த்து, கடைசியில் ஊசி என்றே டாக்டர் தீர்மானித்தார். இழுப்பு முதலில் முழுக்க அடங்க வேண்டும் என்று காத்திருந்து, மழைக்காலம் முடிந்து ஆரம்பிக்கிறார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, அட்ரினலின் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். டாக்டர் சிரித்துவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார்.

முதல் ஊசி வருகிற செவ்வாய்க்கிழமை. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபீஸ். நான்தான் கூட்டிப் போகிறேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும், மொபைல் கூடாது என்று அவன் அம்மாவின் உத்தரவு. மரியாதைராமன் பாதியில் நிற்கிறான். அங்கிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன்.